ஒரு ஊசியில் சரியாகுமா முதுகு ஜவ்வு? சிற்பி வீட்டில் எழுந்த கேள்வி

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிலைகளுக்குப் பின்னால் இருப்பவை, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் முதுகுகள்.

ஐந்து ரதம் சாலையில் 30 வருடங்களாக உளி பிடிக்கும் சிற்பி அவர். சில மாதங்களாக, அரை மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பிலிருந்து கால்வரை வலி சுண்டி இழுத்தது. செங்கல்பட்டுக்குப் போய் எம்.ஆர்.ஐ எடுத்ததில், இடுப்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது.

"ஏதோ ஜெல் ஊசியாம்ப்பா... போட்டா ஜவ்வு பழையபடி ஆயிடுமாம்" என்று போனில் வீடியோ காட்டினாள் மகள். வளையலை அடகு வைக்கத் தயாரானார் மனைவி.

வீடியோ சொன்னது முழுப் பொய்யல்ல. நம் முதுகெலும்பில் 23 ஜவ்வுகள் உண்டு. நடுவில் நீர் நிறைந்த ஜெல், சுற்றிலும் நார் வளையம். வயதும் சுமையும் சேரும்போது நீர் வற்றி, வளையம் கிழியலாம். கொலாஜன், ஹையலூரானிக் அமிலம், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் போன்றவற்றால் அந்த இடத்தை நிரப்ப விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஆல்ஜினேட் ஜெல்லை மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே? பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் செலுத்திய மருந்து ஜவ்வின் நடுப்பகுதியில் சேரப் பல மணி நேரம் ஆனது. ஜெல்லோடு புது செல்களை வைத்தாலும், அந்தப் பட்டினியில் அவை பிழைக்க வேண்டும். ஜெல்லும் உடல் எடையைத் தாங்கி, கிழிசல் வழியே பிதுங்காமல் நிற்க வேண்டும். அதனால்தான் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

"வளையலைப் பத்திரமா வைங்கம்மா. பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்கள்ல வலி குறைஞ்சிடும்" என்றார் டாக்டர். மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார்.

பெரிய சிலை ஆர்டர்களைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கல்லை மேஜையில் ஏற்றி, நின்றபடி சின்னச் சிலைகள் செய்கிறார் சிற்பி. வருமானம் குறைந்துவிட்டது. ஆனால், ராத்திரியில் தூக்கம் வருகிறது.

முதுகுவலியோடு கால் பலவீனமானாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமல்போனாலோ காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.