மடுல்சீமையிலிருந்து அப்புத்தளைக்குக் கால்நடையாக

மடுல்சீமை மலையில் விடியற்காலையில் நின்று கிழக்கே நோக்கியிருக்கிறீர்களா? பிட்டமாறுவைப் பக்கத்தில் மலை திடீரென முடிந்துவிடுகிறது. கீழே தாழ்நிலம் முழுவதும் மூடுபனிக்குள் கிடக்கும். 'சிறிய உலக முடிவு' என்று அவ்விடத்திற்குப் பெயர். உலகம் முடிகிற இடத்திலிருந்து ஒரு பயணத்தைத் தொடங்கினால் என்ன என்று என் மாணவர் ஐவருக்குத் தோன்றிற்று. சென்ற தவணை இறுதியில் ஒரு தேசப்படத்தைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார்கள்.

அவர்களுக்கு இந்த ஆசையை ஊட்டியது 'பீக்கோ டிரெயில்' என்னும் நெடும்பாதை. பீக்கோ என்பது தேயிலைத் தரங்களுள் ஒன்றின் பெயர். கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல வழியாக வளைந்து நுவரெலியாவில் முடியும் இப்பாதை 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. இருபத்திரண்டு கட்டங்களாக வகுத்திருக்கிறார்கள். புதிதாக வெட்டிய பாதையன்று. தோட்டத்துப் பழைய வண்டிப் பாதைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஒன்றோடொன்று இணைத்ததே. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அவ்வழியிலேயே இருக்கிறது.

மடுல்சீமை அப்பாதையில் இல்லை. ஆகவே முதல் நாள் பசறை, இரண்டாம் நாள் நமுனுகுல, மூன்றாம் நாள் எல்ல எனச் சென்று பாதையைப் பிடிப்பது. பின்னர் மூன்று நாளில் அப்புத்தளை சேர்வது என்று தீர்மானித்தோம். மலை நாட்டில் நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் ஆசைப்படலாகாது. சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது.

காலம் ஆகஸ்டு விடுமுறை. வடகீழ்ப் பருவ மழை ஊவாவை நனைப்பது ஆண்டின் கடைசியில்தான். ஆகஸ்டில் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பதும் அந்தக் காற்றே. அட்டைத் தொல்லை குறையும். ஆனால் காய்ந்த பற்றனைப் புல்லில் தீப்பற்றும் அபாயம் உண்டு. வழியில் அடுப்பு மூட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயலில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்ததை யாவரும் அறிவர். படத்தில் உள்ள பாதை நிலத்திலும் இருக்கிறதா என்று ஒவ்வோர் ஊரிலும் விசாரித்தே அடுத்த அடி வைக்க வேண்டும். இரவுத் தங்கலுக்கு வழியிலுள்ள பாடசாலை அதிபர்களுக்குக் கடிதங்கள் எழுதியாயிற்று.

இவ்வளவும் எளிதாக முடிந்தன. முடியாதது ஒன்றே ஒன்று. ஐவருள் ஒருவனுடைய தந்தை சம்மதிக்கவில்லை. மடுல்சீமைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் அவர். லயத்து வாசலில் தேத்தண்ணீர் தந்து உபசரித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஐயா, எங்க ஆளுக பொழப்புக்கு நடந்தாங்க. நீங்க பொழுதுபோக்குக்கு நடக்கப் போறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் பேரர்தாமே இவர்கள்! வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் எத்தனையோ பேர். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைந்து, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு நடைபவனி, ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. நிலமும் வீடும் சம உரிமையும் கேட்டு நடந்த நடை அது. அதனை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"அது கேக்கிற நடை. இது எதுக்கு?" என்றார்.

மகன்தான் விடை சொன்னான். "அப்பா, நம்ம தோட்டத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் பஸ் ஜன்னல்லதான் பார்த்திருக்கேன்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தேசப்படத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பசறைக்கு நான் குறித்திருந்தது தார் ரோட்டு வழி. அதை விரலால் தள்ளிவிட்டு, தேயிலை மலைகளின் ஊடே செல்லும் குறுக்குகளைச் சொல்லிக்கொண்டே போனார். எந்த மலையில் குளவிக்கூடு தொங்குகிறது, எந்த ஓடையில் தண்ணீர் வற்றாது, எங்கே தோட்டத்து அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் படத்தில் இல்லாதவை. வாசனைத் தைலம் பூசக்கூடாது, கூச்சலிடக்கூடாது, குளவி கலைந்துவிடும் என்றார். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமல் படம் பிடிக்கலாகாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார். அட்டைக்கு உப்பு முடிச்சு அவர் மனைவியின் ஏற்பாடு.

பசறை வரை வழி காட்டத் தாமே வருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து பஸ் ஏறித் திரும்பிவிடுவாராம். மகன் அதை நம்பவில்லை. நானும், ஆறு பேருக்கென்று எழுதியிருந்த அரிசிக் கணக்கை ஏழு பேருக்காகத் திருத்தி வைத்திருக்கிறேன்.