அம்மாவும் ஏற வேண்டும், குலையும் ஏற வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீடோர், சுங்கை, தாப்பா பக்கம் காப்பிக்கடை வாசலில் நின்று பாருங்கள். ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ் என்று பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சில வண்டிகள் வாங்கியபடியே இருக்கும். சிலவற்றில் ஏற ஏணி வேண்டும். முன்னால் இரும்புத் தடுப்பு, அதற்குள் வின்ச், ஓரத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஸ்நோர்க்கல், கூரை மேல் விளக்கு வரிசை. பார்க்க அழகுதான். ஆனால் அந்த வண்டிகளில் எத்தனை காட்டுக்குப் போகின்றன, எத்தனை சந்தைக்கு மட்டும் போகின்றன என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடும்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஹைலக்ஸ் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் துரையின் லேண்ட் ரோவரை ஓட்டியவர். பிறகு லோரி ஓட்டினார். ஓய்வு பெற்றதும் கையில் கிடைத்த பணத்தில் சுங்கைப் பக்கம் 5 ஏக்கர் செம்பனை நிலம் வாங்கினார். நான் ஷா ஆலமில் கணக்குத் துறையில் வேலை செய்கிறேன். தம்பி ஊரிலேயே தங்கி நிலத்தையும் அப்பா அம்மாவையும் பார்த்துக்கொள்கிறான். வண்டி இரண்டு பேர் பணத்திலும் வாங்கியது. ஓட்டுவது பெரும்பாலும் அவன்தான்.

அந்த வண்டிக்கு இரண்டு வேலை. மாதம் இரண்டு முறை குலை வெட்டும்போது 700, 800 கிலோ பாரம் ஏற்ற வேண்டும். மாதம் ஒரு முறையாவது அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவுக்கு முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வீட்டிலிருந்து தார் ரோட்டைப் பிடிக்க 3 கிலோமீட்டர் செம்மண் சடக்கு. மழை பெய்து காய்ந்தால் அந்தச் சடக்கு துணி துவைக்கும் பலகை மாதிரி ஆகிவிடும்.

போன வருடம் வண்டிக்கு 9 வயது. பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. ஒரு அப்சோபரில் எண்ணெய் கசிந்தது. குலை ஏற்றினால் வால் தரையைத் தொடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். இரவில் முன்விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். அம்மா உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொள்வார். மாற்றத்தான் வேண்டும். எதை வாங்கி மாட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது.

முதல் கடையில் என்னிடம் பேசவே இல்லை. தம்பியைப் பார்த்து, “பாஸ், 3 அங்குலம் தூக்கிடலாம். மட் டயர், இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் சேர்த்து 14,000 வெள்ளி” என்றார்கள். தம்பி முகத்தில் வெளிச்சம். இரண்டாவது கடையில் மிகக் கனமான ஸ்பிரிங்கைக் காட்டி, “இனிமேல் எவ்வளவு ஏற்றினாலும் இறங்காது” என்றார்கள். மூன்றாவது கடை சின்னப் பட்டறை. அங்கிருந்த போர்மன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மாசத்துல எத்தனை நாள் பாரம், எத்தனை நாள் வெறும் வண்டி?”

அந்தக் கேள்விக்குப் பதில் எங்களிடம் இல்லை. ஒரு மாதம் தம்பியை நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். பாரம் ஏற்றிய நாள் 4. அம்மா ஏறிய நாள் 5. மீதி நாள் எல்லாம் தம்பி ஒருவன், அல்லது தம்பியும் உரமூட்டை நான்கைந்தும். கடைக்காரர்கள் விற்க வந்ததும் எங்கள் நோட்டும் ஒத்துப்போகவே இல்லை.

ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்து எழுந்த ஸ்பிரிங் மறுபடி மறுபடி ஆடாமல் அடக்குவது அப்சோபர். அது அந்த ஆட்டத்தை உள்ளே இருக்கும் எண்ணெயில் சூடாக மாற்றிவிடுகிறது. பலகைச் சடக்கில் அரை மணி நேரம் ஓட்டினால் எண்ணெய் மிகவும் சூடேறி, அப்சோபர் சோர்ந்துபோகும். அதனால்தான் மண் ரோட்டுக்கான அப்சோபர் தடிமனாக, அதிக எண்ணெய் பிடிப்பதாக இருக்கிறது.

கனமான ஸ்பிரிங் பாரம் ஏற்றும்போது நன்றாக இருக்கும். பாரம் இல்லாதபோது அது மடங்காது. பள்ளத்தின் அடி நேராக இருக்கைக்கு வரும். மாதத்தில் 4 நாள் குலைக்காக, 5 நாள் அம்மாவின் முதுகு அடி வாங்க வேண்டும். அதோடு, கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் எடை வரம்பு கூடிவிடாது. சட்டம், பிரேக், அச்சு எல்லாம் பழையதுதான். எழுதிக் கொடுத்த எடைக்கு மேல் ஏற்றினால் வால் நிமிர்ந்து நிற்கும், ஆனால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

உயரத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டோம். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் மேலே போகும். ஆனால் ஹைலக்ஸின் பின் அச்சு இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு. அதன் நடுவில் தொங்கும் பல்சக்கர உருண்டைதான் பின்னால் மிகத் தாழ்வான இடம். ஸ்பிரிங்கை 3 அங்குலம் தூக்கினாலும் அந்த உருண்டை ஒரு நூல் கூட உயராது. அதை உயர்த்த டயர்தான் பெரிதாக வேண்டும். 265/65 டயரை 265/70 ஆக்கினால், 17 அங்குல வட்டில் விட்டம் 26 மில்லிமீட்டர் கூடும். தரைக்கு மேல் கிடைப்பது அதில் பாதி, 13 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக மீட்டர் 106 காட்டும்போது வண்டி 110-ஐத் தொட்டிருக்கும்.

தூக்கியதற்கு வேறு விலையும் உண்டு. முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு அதிகக் கோணத்தில் வளைந்து சுற்றும், ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். அலைன்மெண்ட் கலையும். வளைவில் வண்டி சாயும். அம்மா ஏற வேண்டிய படியும் 3 அங்குலம் உயரும்.

இரும்பு பம்பர் 60 கிலோ, வின்ச் 40, பின் பம்பர் 40, மேல்மூடி 60 என்று வைத்துக்கொண்டால் 200 கிலோ. எங்கள் வண்டி ஆட்களையும் சேர்த்துத் தாங்க வேண்டியது ஒரு டன்னுக்குள்தான். குலை ஒன்று 20 கிலோ என்றால், ஒவ்வொரு நடைக்கும் 10 குலையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்த அலங்காரத்தைச் சுமக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக் காட்டியபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “அக்கா, நீ கே.எல் பக்கம் இருக்க. நான் இங்கேயே கிடக்கிறேன். கூட்டாளிங்க எல்லாம் காட்டுக்குப் போறாங்க. இந்த வண்டி ஒண்ணுதான் எனக்கு இருக்கு.”

என் கணக்கில் இதற்கு ஒரு வரிசை இல்லை. ஆனால் அவன் சொன்னது உண்மை. நான் மாதம் இரண்டு முறை வந்து போகிறேன். தினமும் அப்பாவோடும் அம்மாவோடும் இருப்பவன் அவன். அவனுடைய ஆசையை வீண்செலவு என்று அடித்துவிட எனக்கு உரிமை கிடையாது.

அப்பாதான் பேச்சை முடித்து வைத்தார். துரையின் லேண்ட் ரோவரில் வின்ச் இல்லையாம். மழைக்காலத்தில் சேற்றில் இறங்குமுன் டயர் காற்றைக் குறைப்பாராம். பின்னால் ஒரு மண்வெட்டி, இரண்டு பலகை. “சிக்காம ஓட்டக் கத்துக்கடா. அப்புறம் இழுக்கிறதப் பத்திப் பேசலாம்.”

கடைசியில் மூன்றாவது பட்டறையில் செய்தோம். பழைய உயரத்தையே திருப்பித் தரும் நடுத்தரப் பட்டை ஸ்பிரிங். அதன் அடியில் ஒரு தடித்த பட்டை இருக்கிறது, பாரம் ஏறிய பிறகுதான் அது வேலைக்கு வரும். நான்கு பக்கமும் தடித்த அப்சோபர். முன்னால் கூடுதல் எடை இல்லாததால் சாதாரணச் சுருள். எல்லாம் 5,200 வெள்ளி. மிச்சமான பணத்தில் தம்பிக்குப் பழைய அளவிலேயே நல்ல ஆல்-டெரைன் டயர், காற்றடிக்கும் கம்ப்ரஸர், அழுத்தம் பார்க்கும் கருவி, நீளும் இழுவைப் பட்டை, தரமான ஷேக்கிள் இரண்டு. பட்டையை இழுவைக் குண்டில் மட்டும் மாட்டக் கூடாது என்று போர்மன் மூன்று முறை சொன்னார். குண்டு பிய்ந்தால் பீரங்கி மாதிரி பறந்து உயிரை எடுத்துவிடும். வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

உயரத்தையோ டயர் அளவையோ மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஜேபிஜே முகப்பில் கேளுங்கள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ஸ்பிரிங் மாற்றியதும் அலைன்மெண்ட் பாருங்கள், முன்விளக்கைச் சரிசெய்யுங்கள், 1,000 கிலோமீட்டரில் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. குலை ஏற்றினால் வால் கொஞ்சம் இறங்குகிறது, ஆனால் மூக்கு வானத்தைப் பார்ப்பதில்லை. அம்மா போன வாரம் ஈப்போ போகும் வழியில் தூங்கிவிட்டார் என்று தம்பி சொன்னான். அந்தச் செம்மண் சடக்கிலா என்று நான் நம்பாமல் கேட்டேன். ஆமாம் என்றான். கூட்டாளிகளோடு இரண்டு முறை காட்டுக்கும் போய் வந்துவிட்டான். ஒரு முறை சிக்கிய பெரிய வண்டியை இவனுடைய பட்டைதான் இழுத்ததாம்.

ஸ்நோர்க்கல் பற்றி மட்டும் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டை எடுத்து எழுது, வருடத்தில் எத்தனை ஆறு கடக்கிறாய் என்று பார்ப்போம் என்றேன். எழுதுகிறேன் என்றிருக்கிறான்.