இரட்டை மாடும் இரண்டு பற்றரியும்

ஒரே நுகத்தில் கிழமாடு ஒன்றையும் இளங்காளை ஒன்றையும் பூட்டினால் வண்டி என்ன கதியாகும் என்பதை உழவர் யாவரும் அறிவர். முப்பது வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்த நான் மட்டும் அதனை மறந்து நடந்துகொண்டேன்.

நெடுந்தீவிலே எங்கள் வீடு மின்கம்பத்துக்கு எட்டாத ஒரு பனங்காணிக்குள் இருக்கிறது. கூரையிற் சூரியத் தகடுகள். உள்ளே 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு, 24 வோல்ற்றில் இன்வேட்டரை இயக்குகின்றன. ஒரு பற்றரி பழுதானபோது, குறிகட்டுவானிலிருந்து படகேற்றிக் கொண்டுவரும் செலவுக்கு அஞ்சி, ஒன்றை மட்டுமே புதிதாக வாங்கினேன். மற்றையதோ ஐந்து வருடப் பழசு.

சென்ற கார்த்திகை மாதத்து இரவொன்றில் என் தாயாருக்குத் தொய்வு கடுமையாயிற்று. மருந்தை ஆவியாக்கும் சிறு இயந்திரத்தை ஓடவிட்டோம். பத்து நிமிடத்துக்குள் இன்வேட்டர் கூவி அணைந்தது. இருளில் அம்மாவின் மூச்சிரைப்பு ஒன்றே கேட்டது. அயல்வீட்டாரின் லாண்ட்மாஸ்ரரில், கொட்டும் மழையிலே, தீவின் வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். இறைவன் அருளால் அவர் பிழைத்தார்.

மறுநாள் மீற்றரை எடுத்து அளந்தேன். இன்வேட்டர் அணையும் தறுவாயில் மொத்தம் 21 வோல்ற்று; அதிலே புதிய பற்றரி 12.1, பழையது 8.9. வெயிலேறி மின்னேற்றம் முடியும் வேளையில் மொத்தம் 28.8, கட்டுப்பாட்டுக் கருவி திருப்தியுற்றிருந்தது. ஆயினும் பழையதில் 15.3, புதியதில் 13.5! தொடரிணைப்பில் இரண்டினூடாகவும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. கொள்ளளவு குறைந்த கிழம் முதலில் நிறைந்து, மேலும் ஏறும் மின்னால் கொதித்து நீரை இழக்கிறது. இளையதோ நிறையுமுன் மின்னேற்றம் தணிந்துவிடுகிறது. அரைவயிற்றோடு கிடந்து, அதன் தகடுகளிற் சல்பேற்று உறைகிறது. கருவி கூட்டுத்தொகையைப் பார்க்கிறதேயன்றிப் பங்கீட்டைப் பார்ப்பதில்லை. குடும்பங்களிலும் இது நிகழ்வதுண்டு அல்லவா?

செத்த பற்றரியை எந்தச் சுற்றும் உயிர்ப்பிக்காது. ஆகவே, இளையதற்கு ஒத்த இன்னொன்றை வாங்கி, இரண்டையும் தனித்தனியே நிறைய ஏற்றிய பின்னரே தொடராக்கினேன். அவை மீண்டும் பிரிந்து செல்லாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலாளியை அமைத்தேன். அதன் விபரத்தை வாசக நேயர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

ரீ.எல். 431 என்னும் சிறு உறுப்பு, தன் உணர்முனையில் 2.5 வோல்ற்று வந்ததும் மின்னைக் கடத்தத் தொடங்கும். பற்றரியின் நேர்முனையிலிருந்து 43 கிலோஓம் தடையும் 10 கிலோஓம் மாறுந்தடையும் தொடராக உணர்முனைக்கு வரவேண்டும். அங்கிருந்து எதிர்முனைக்கு 10 கிலோஓம். மாறுந்தடையைத் திருகி 14.4 வோல்ற்றில் விழிக்குமாறு செய்துகொள்ளலாம். அது விழித்ததும், 1 கிலோஓம் தடையூடாக ரீ.ஐ.பீ. 127 திரான்சிற்றரின் அடிமுனையை இழுக்கும். திரான்சிற்றரின் காலிமுனை பற்றரியின் நேர்முனையில் இருக்கும். சேகரிப்பான் முனையிலிருந்து எதிர்முனைக்கு மோட்டார் வாகனத்தின் 21 வாற்று மின்குமிழ் ஒன்று. காலிக்கும் அடிக்கும் இடையே இன்னொரு 1 கிலோஓம் இல்லாவிடின் வேளைக்கு முன்னரே குமிழ் மினுங்கும். திரான்சிற்றருக்கு அலுமினியத் தகடும், ஒவ்வொரு கம்பிக்கும் உருகியும் கட்டாயம் வேண்டும்.

முதலில் நிறைந்த பற்றரியின் குமிழ் எரிந்து, இரண்டு அம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னைத் தன் வழியே விலக்கும். மற்றையதற்கு முழு ஓட்டமும் போய்ச் சேரும். பெரிய வித்தியாசத்தை ஒரே நாளில் அது தீர்க்காது. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சமன்செய்யும். எனினும், மூடி திறக்கும் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். எங்கள் தீவுக் கிணற்றின் உவர்நீர் அதற்கு நஞ்சு. ஏற்றும்போது ஐதரசன் வாயு எழுமாதலால் காற்றோட்டமும் அவசியம்.

1990ஆம் ஆண்டின் பின்னர் மின்சாரம் நின்றபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். 2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் சூரிய, காற்று மின்திட்டத்துக்கு ஒப்பந்தமாயிற்று. அதில் 2,400 கிலோவாற்றுமணிப் பற்றரிச் சேமிப்பும் அடங்கும். அத்தகைய பெருங்களஞ்சியத்திலும் தொடரில் நிற்கும் கலங்களைச் சமன்செய்யாமல் முடியாது. அளவுதான் வேறு; நியாயம் ஒன்றே.

இப்போது மத்தியானத்தில் இரு குமிழ்களும் ஏறக்குறைய ஒருங்கே எரிகின்றன. முதல்நாள் அதைக் கண்ட மனைவி, “இஞ்சாருங்கோ, பட்டப்பகலிலை ஏன் லைற்றைப் போட்டு வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டாள்.

திண்ணையிற் சாய்ந்திருந்த அம்மா, நான் வாய் திறக்குமுன் மறுமொழி சொன்னார்: “எரியட்டும் பிள்ளை. அது எரிஞ்சால்தான் இராவைக்கு எனக்கு மூச்சு.”