படுக்கும் உயரம்

எங்கள் மலேசிய ஊரான லாபிஸில் குளிர் என்றால் ஆண்டுக் கடைசி மழையில் விடாமல் நனைந்த செம்பனைத் தோட்டத்தின் விடியற்காலைதான். அதற்குமேல் குளிரை நாங்கள் பார்த்ததில்லை. உயரமும் அப்படியே. சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போய் ஏறக்கூடிய பெரிய மலை லேடாங், 1276 மீட்டர். நேபாளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கும் துன்சே ஊர் அதன் உச்சியைவிட எழுநூறு மீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து 4380 மீட்டரில் கிடக்கும் கோசாய்குண்டம் என்னும் ஏரிக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போவது, தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் எனக்கு விடுமுறைக் கால வேலை.

கோசாய்குண்டம் என்றதும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் உடனே தலையாட்டுவார்கள். ஆலகால விஷத்தைக் குடித்த சிவன் தொண்டை எரிச்சல் தாங்காமல் திரிசூலத்தால் மலையைக் குத்த, அங்கே தண்ணீர் பொங்கி ஏரியானது என்பது தலக்கதை. மீதிப் பாதிக்கு லாங்டாங் லிருங், கணேஷ் ஹிமால், மனாஸ்லு என்று வரிசையாக நிற்கும் பனிமலைகள் வேண்டும். கேமராவும் கற்பூரமும் ஒரே பையில் போகும் பயணம் இது. எனக்கு இரண்டு கூட்டமும் ஒன்றுதான். ஏனென்றால் இருவருமே கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாளில் ஏரிக்குப் போய்ச் சேரலாம்?”

நான் திட்டம் போடுவது அந்தக் கேள்வியிலிருந்து அல்ல. பழைய செக்ரோல் புத்தகத்தின் பின்பக்கத்தில் முதலில் இரவுகளைத்தான் எழுதுவேன். பெயருக்கு நேராக வருகை போடுகிற கட்டங்களில், இரவுக்கு நேராகப் படுக்கும் இடத்தின் உயரம். பகலில் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம் என்பதெல்லாம் பிறகு. உயர நோய் என்பது பெரும்பாலும் ஏறும்போது வருவதில்லை. புதிய உயரத்துக்குப் போய்ச் சேர்ந்து ஆறு மணிநேரம், பன்னிரண்டு மணிநேரம் கழித்து, சாப்பிட்டுப் படுத்தபின் வருகிறது. தூக்கத்தில் மூச்சு மெதுவாகும், ரத்தத்தில் பிராணவாயு இன்னும் இறங்கும். அதனால்தான் 3000 மீட்டருக்கு மேலே படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்கவேண்டும் என்று மலை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். பகலில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போய்வரலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் கணக்கின் அச்சாணி இரவுதான்.

கினபாலு போய்வந்தவர்களிடம் இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். 4095 மீட்டர் ஏறிச் சான்றிதழும் வாங்கிவிட்டோம், இது என்ன பெரிய உயரம் என்பார்கள். கினபாலுவில் திம்போஹோன் வாசலில் 1866 மீட்டரில் நடையைத் தொடங்கி, பனலாபானில் சுமார் 3270 மீட்டரில் அரைகுறையாகத் தூங்கி, நள்ளிரவு தாண்டி எழுந்து உச்சியைத் தொட்டுவிட்டு அன்று மாலையே அடிவாரத்தில் சோறு தின்கிறோம். தலைவலி முற்றுவதற்குள் ஆள் கீழே வந்துவிடுகிறார். பனலாபானுக்கு 1100 மீட்டர் மேலே ராத்திரி படுப்பது வேறு விஷயம். உடம்பு வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. மாரத்தான் ஓடுகிற பையன் வாந்தி எடுத்துச் சுருண்டிருக்க, பூஜைக்கூடை தூக்கிக்கொண்டு வந்த அறுபது வயது அம்மா தேநீர் கேட்டு உட்கார்ந்திருப்பார். பையன் பலமாக இருப்பதால் வேகமாக ஏறுகிறான், அதனாலேயே முதலில் விழுகிறான்.

இந்த ஏரியைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி உண்டு. நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத்தும் அவருடன் வேலை செய்தவர்களும் கோசாய்குண்டத்துக்கு வந்த யாத்ரீகர்களைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு உயர நோய். சிலர் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், நேராக நடக்கமுடியாமல் தள்ளாடினார்கள். அது மூளை வீங்குவதன் அடையாளம். அவர்கள் வந்தது ஜனாய் பூர்ணிமைக்கு, அதாவது நம் ஆவணி அவிட்டப் பௌர்ணமிக்கு. திருவிழாவுக்குள் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரத்தில் கீழேயிருந்து ஒரே வீச்சில் ஏறி, ஏரிக்கரையிலேயே இரவைக் கழிக்கிறார்கள். பக்தியில் குறை இல்லை, இரவுக் கணக்கில்தான் குறை. சாமி பெயரைச் சொல்லிப் போகிற பயணத்தில் அவசரம் கூடிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். நடுவில் நிற்பதை வேண்டுதலுக்குப் பங்கம் என்று நினைக்கிறார்கள்.

என் கட்டங்கள் இப்படி நிரம்பும். காட்மாண்டு 1400, தாமேலில் குளிர்ச்சட்டை வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் ஒரு நாள் வேண்டும், அது உடம்புக்கும் நல்லது. துன்சே ஏறக்குறைய 2000. அங்கிருந்து சந்தன்பாரிக்கு 3300 வரை ஒரே நாளில் ஏறுவார்கள். நான் நடுவில் தேவ்ராலியில் 2600 அளவில் நிறுத்திவிடுவேன். சந்தன்பாரியில் இரண்டு இரவு. இடையில் வரும் பகலில் சோலாங்பாத்திவரை ஏறி, தேநீர் குடித்து, இறங்கி வந்து படுப்பது. சும்மா ஏன் ஏறி இறங்கவேண்டும் என்று அந்த ஒரு நாளுக்குத்தான் எல்லோரும் முணுமுணுப்பார்கள். சந்தன்பாரியில் பாலாடைக்கட்டிப் பட்டறை ஒன்று இருப்பது எனக்கு உதவி. பாதிப் பேர் அதில் சமாதானமாகிவிடுவார்கள். பிறகு லௌரிபினா, 3900. ஏற்றம் 500ஐத் தாண்டுவதால்தான் அதற்கு முன்னால் சந்தன்பாரியில் இரண்டு இரவு, இங்கேயும் இரண்டு இரவு.

ஏரிக்கரையில் படுக்கை இல்லை. இதுதான் சண்டை வரும் இடம். லௌரிபினாவிலிருந்து விடிந்தபின் கிளம்பினால் முற்பகலுக்குள் ஏரி. குளிக்கிறவர் குளிக்கலாம், விளக்கேற்றுகிறவர் ஏற்றலாம், பக்கத்துப் பைரவ குண்டத்தையும் பார்த்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் 3900க்கு இறங்கிவிடலாம். காட்சிக்கும் நஷ்டமில்லை. ஏரி ஒரு குழிக்குள் கிடக்கிறது, சுற்றிலும் பாறை. பனிமலை வரிசை முழுசாகத் தெரிவது லௌரிபினா முகட்டிலிருந்துதான், அதுவும் மேகம் ஏறாத காலையில்.

ஒருமுறை தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் பிடிவாதமாக நின்றார். “ஏய்யா, விடியக்காலைல முழுக்குப் போடத்தானே இவ்ளோ தூரம் வந்தேன்? பத்து மணிக்குக் குளிக்கிறதுக்கு நம்ம பந்தாங் ஆத்துலயே குளிச்சிருப்பேனே” என்றார். “பெரியம்மா, ராத்திரி அங்க படுத்தா காலைல முழுக்குப் போட நீங்க எழுந்திருக்கணும்ல” என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பத்து மணிக்கே குளித்தார். தண்ணீர் தலையில் பட்டதும் அவர் சொன்னது மந்திரமில்லை.

போன வழியே திரும்புவதும் என் பிடிவாதங்களில் ஒன்று. ஏரியைத் தாண்டி 4610 மீட்டர் கணவாய் ஏறி ஹெலம்பு பக்கமாக இறங்கினால் அழகான வழி, துன்சேவுக்குத் திரும்பவேண்டியதில்லை என்று ஏஜென்டுகள் சொல்வார்கள். அழகுதான். ஆனால் ஏரியில் ஒருவருக்கு முடியாமல் போனால் அந்தப் பக்கம் போக முதலில் இன்னும் ஏறவேண்டும். உயர நோய்க்கு நிச்சயமான வைத்தியம் இறங்குவது. முந்நூறு மீட்டர் இறங்கினாலே முகம் மாறும். வந்த வழி பழகிய வழி, கால் வைத்த இடமெல்லாம் இறக்கம். அந்தக் கணவாய்ப் பக்கம் பனி விழுந்தால் தடமே மறைந்துவிடும். 1991 டிசம்பரில் ஜேம்ஸ் ஸ்காட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர் அந்த மலைகளில் பனிப்புயலில் வழி தவறி, 43 நாள் கழித்துத்தான் உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். புது ஆட்களை அழைத்துப் போகிறவனுக்கு அந்த வழி எதற்கு?

லாபிஸில் செய்யக்கூடிய பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயரத்துக்கு இங்கே பழகமுடியாது. முட்டிக்குப் பழகலாம். சந்தன்பாரியிலிருந்து துன்சேவுக்கு 1300 மீட்டர் இறங்கும்போது முட்டிதான் அழும். அதனால் லேடாங்கில் ஏறுவதைவிட, முதுகில் சுமையோடு நிதானமாக இறங்குவதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன்.

மருந்துப் பை வேறு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை இல்லாத வீடு நம்மவர்களில் அபூர்வம். டாக்டரைப் பார்த்து எழுதி வாங்காமல் யாரையும் சேர்ப்பதில்லை. இன்சுலின் போடுகிறவர் அதைச் சட்டைக்கு உள்பையில், உடம்புச் சூட்டில் வைக்கவேண்டும். உறைந்துவிட்டால் அது மருந்தில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தப்பாகக் காட்டும். டயாமாக்ஸ் மாத்திரையை உயர நோய்க்கு முன்தடுப்பாகக் காலையும் மாலையும் 125 மில்லிகிராம் போடுவது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர் முதலில் டாக்டரிடம் சொல்லவேண்டும். மாத்திரை போட்டால் விரல் நுனி சுறுசுறுக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், கேஸ் பானமெல்லாம் சப்பென்று போகும். ஆசையாகத் தூக்கி வந்த ஹண்ட்ரட் பிளஸ் டின்னைத் திறந்து, கெட்டுப்போய்விட்டது என்று திட்டியவர்கள் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியில் உயர வரம்பு எத்தனை மீட்டர், ஹெலிகாப்டர் சேருமா என்ற இரண்டு வரிகளை நானே படித்துவிடுவேன். 2023 ஏப்ரலிலிருந்து நேபாளம் வெளிநாட்டு மலைநடையாளர்களுக்கு வழிகாட்டியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்வேன். இரண்டு பேராக. ஒருவர் மேலே போகிறவர்களோடு, ஒருவர் கீழே இறங்குகிறவரோடு.

இந்த இரண்டாவது ஆளின் சம்பளத்தைத்தான் செலவுக் கணக்கில் எல்லோரும் வெட்டச் சொல்வார்கள்.

கருவிகளைவிடக் கஷ்டமானது உண்மையை வாங்குவது. எங்கள் கூட்டத்தில் பெரியவர் இருந்தால் சின்னவன் தலைவலியைச் சொல்லமாட்டான். “ஒன்னும் இல்லண்ணே, தூக்கம் பத்தல” என்பான். பெரியவரோ சின்னவர்கள் முன்னால் சொல்லமாட்டார். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, யாருக்கு என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் ஒன்றுமிருக்காது. அதனால் சாயங்காலம் ஒவ்வொருவர் கட்டிலுக்கும் போய்த் தனியாக நான்கே கேள்வி: தலைவலி, குமட்டல், அசதி, கிறுகிறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண். லேக் லூயிஸ் கணக்கு என்று உலகமெங்கும் பயன்படுத்துவது இதுதான். தலைவலியோடு மொத்தம் மூன்று வந்தால் மறுநாள் மேலே போவது கிடையாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கோவிட்டுக்குப் பிறகு எல்லோர் பையிலும் இருக்கிறது. 85 காட்டினால் அலறுகிறார்கள். அந்த உயரத்தில் எண்பதுகள் சாதாரணம். எண்ணைவிட ஆளைப் பார்ப்பேன். சாப்பாட்டை ஒதுக்குகிறாரா? ஷூ கயிற்றைக் கட்டச் சிரமப்படுகிறாரா? சந்தேகம் வந்தால் தரைப்பலகைக் கோட்டின்மேல் குதிகாலோடு பெருவிரல் ஒட்ட நடக்கச் சொல்வேன். தள்ளாடினால் நடுராத்திரியானாலும் இறக்கம்.

சமையலறையில் போய் நின்றாலே உயரம் என்ன செய்கிறது என்று தெரியும். லௌரிபினாவில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குமிழி பொங்கும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் விடுதிக்காரர்களுக்குப் பிழைப்பில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு உயரத்தைப் பற்றி நான் சொன்ன எதுவும் ஏறவில்லை, அந்தச் சட்டியைப் பார்த்ததும் ஏறியது. அதன்பிறகு வேகமாக நடக்கிற பையன்களை அவரே அதட்டத் தொடங்கினார்.

1997 மே 23 அன்று நம் நாட்டு மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றதிலிருந்து, மலை நமக்கில்லை என்று யாரும் நம்மிடம் சொல்லமுடியாது. அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். இப்போது ஒரு கூட்டம் கோக்கியோ ஏரிகள் கேட்கிறது. கோக்கியோ ரி முகட்டிலிருந்து எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு நான்கும் தெரியும், 5357 மீட்டர். லீவு எத்தனை நாள் என்று கேட்டேன். தீபாவளி வாரத்தோடு சேர்த்து ஒன்பது நாள் என்றார்கள். செக்ரோல் கட்டங்களைப் போட்டுக் காட்டினேன். நாம்சேயில் இரண்டு இரவு, மாச்செர்மோவுக்கு முன்னால் இரண்டு நிறுத்தம், லுக்லா விமானம் மேகத்தால் ஓடாமல் போனால் கையிருப்பாக இரண்டு நாள். கட்டங்கள் ஒன்பதில் நிற்கவில்லை. சம்பளமில்லா லீவு கேட்டுப் பார்ப்பதாகப் போயிருக்கிறார்கள். பெரியம்மா ஆவணி அவிட்டத்துக்கே மறுபடி ஏரிக்குப் போகவேண்டும் என்கிறார். அப்போது மழை, அட்டை, விடுதியில் ஒரு கட்டிலுக்கு மூன்று பேர். லௌரிபினாவில் இரண்டு இரவு இடம் பிடித்துத் தந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.