ஸ்கேனில் தெரியாவிட்டால் நோய் இல்லையா?



என் துணைவியாரின் உடல்நிலை பற்றிப் பலரும் போனில் விசாரிக்கிறீர்கள். "ரெண்டு ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லையாமே, அப்புறம் எதுக்கு சார் ஆபரேஷன்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், அரிசி அளவில் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைப்பது அவற்றின் வேலை. ஒன்று அளவுமீறிச் சுரந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்தில் சேரும். வீட்டில் இரண்டு முறை சிறுநீரகக் கல், ஓயாத எலும்பு வலி, எல்லாம் இதனால்தான்.

நோய் உண்டா என்று சொல்வது ரத்தப் பரிசோதனை. கால்சியம், பி.டி.எச். ஹார்மோன் இரண்டுமே அவருக்குக் கூடுதல். எந்தச் சுரப்பி என்று தேடத்தான் ஸ்கேன். துணியில் குறை தெரிந்துவிட்டது. பாவில் எந்த இழை அறுந்தது என்று இன்னும் அகப்படவில்லை. அதற்காக இழை அறவே இல்லை என்று நம் தெருவில் யாராவது சொல்வார்களா?

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் செய்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் சுரப்பி அதில் தெரியாது.

செஸ்டமிபி ஸ்கேனில் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, உடனே ஒரு படம், சுமார் 2 மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுப்பார்கள். தைராய்டிலிருந்து மருந்து வடிந்துவிடும்; கெட்ட சுரப்பியில் தங்கும். நெஞ்சுக்குள் இருந்தாலும் காட்டும். கட்டி சிறியதாக இருந்தால் தவறிவிடலாம்.

4டி சி.டி. ஸ்கேன், ஏற்றிய சாய மருந்து சுரப்பிக்குள் வந்து வெளியேறும் வேகத்தைப் பார்த்து இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். கதிர்வீச்சு அதிகம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு யோசித்துத்தான் செய்வார்கள். இதிலும் பிடிபடாதவர்களுக்குக் கோலின் பெட் ஸ்கேன் உண்டு.

முதல் இரண்டிலும் தெரியாதது, மூன்றாவதில் இடப்பக்கக் கீழ்ச் சுரப்பி என்று தெரிந்தது. இடம் தெரிந்தால் சிறு கீறல் போதும். தெரியாவிட்டால் நான்கையும் தேடிப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் ஆபரேஷன்.

உங்களில் யாருக்காவது சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்தால், ஒருமுறை ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். அது கூடியிருந்தால் பி.டி.எச்.சும் பாருங்கள். "ஸ்கேன் நார்மல்" என்ற ஒரு வரியோடு ஃபைலை மூடிவிடாதீர்கள்.

நலமே விளைக.
உங்கள் அறிவியல் சார்