தேவாரத்தில் ஒரு ஜப்பான்காரி!

"தேவாரமா? ஓதுவாருங்க ஊரா ஸார்?" லீவ் லெட்டரைப் பார்த்துவிட்டு ஆபீஸில் கேட்டார்கள். இல்லை ஸார். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி அது. ஒரு தடவை போய்விட்டு வந்தால், ஃபேன் காற்றில் ஃபைல் புரட்டும் வாழ்க்கை மேல் கொஞ்சம் வெறுப்பு வரும். அதற்கு நான் பொறுப்பல்ல.

போவது சுலபம். மீட்டர் கேஜாக இருந்து 2010 கடைசியில் மூடப்பட்ட மதுரை-போடி பாதை, 2023 ஜூன் 15-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. சென்னையில் ஏறினால் நேரே போடியில் இறங்கலாம். ஏலக்காயையே ஏலம் போடுகிற ஊர். அங்கிருந்து பஸ். சிலமலை, ராசிங்காபுரம் என்று வண்டி குலுங்கிக்கொண்டு போக, வலது பக்கம் பூராவும் மலை கூடவே வரும். டிக்கெட் அதற்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஸீட்டில் ஒரு காலேஜ் பையன். வலது பக்கம் இவ்வளவு பெரிய மலை நிற்க, அவன் செல்போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் 'டொக் டொக்' என்று குத்திக்கொண்டிருந்தான். திரையில் மேலிருந்து பட்டை பட்டையாக என்னவோ விழுகிறது. பாட்டின் தாளத்துக்குச் சரியாகத் தட்டினால் மார்க். பாட்டோ, பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறவளின் வேகம்.

"யாரு தம்பி பாடுறது?"

"ஹாட்சுனே மிக்குண்ணே. ஜப்பான்."

"மூச்சு எங்க விடுறா?"

"மூச்சே கிடையாதுண்ணே. அவ ஆளே இல்ல, சாஃப்ட்வேரு!"

விஷயம் இதுதான். யமஹா கம்பெனி 'வோகலாய்டு' என்று ஒரு மென்பொருள் செய்தது. அதை வைத்து சப்போரோ நகரத்தின் கிரிப்டான் கம்பெனி 2007 ஆகஸ்ட் 31-ல் வெளியிட்ட பாடகிதான் மிக்கு. ஸாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையை உட்கார வைத்து, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். நீங்கள் ஸ்வரத்தையும் வரிகளையும் கொடுத்தால் போதும். துண்டுகளை ஒட்டி மென்பொருள் பாடிவிடும். தொண்டை கட்டாது, சம்பளம் கேட்காது. 2010-ல் செகா கம்பெனி இந்தப் பாட்டுகளை மெஷினில் போட்டு ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களில் நிறுத்தியது. நாலு பெரிய பட்டன், அதைத் தட்டுவதற்கு ஒரு க்யூ.

பையன் தட்டிக்கொண்டிருந்தது 'ஹாட்சுனே மிக்குவின் மறைவு' என்கிற பாட்டு. காஸ்மோ என்பவர் இசையமைத்தது. தன்னை அழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த மென்பொருள் அவசர அவசரமாக விடைபெறுகிறது. உயிரே இல்லாதது "போயிட்டு வரேன்" சொல்கிறது. அதைக் கேட்டு ஜப்பானில் ஜனங்கள் உருகுகிறார்கள்!

தேவாரத்தில் இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தேன். எதிரே மலை. இங்கிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ரோடு போடச் சொல்லி ரொம்ப காலமாகக் கேட்கிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு அந்தக் காலத்தில் நடந்தே ஏறிய மலை அது.

பக்கத்திலேயே பண்ணைப்புரம், இளையராஜாவின் ஊர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் மலையேறிப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். அன்றைக்கு ஒரு குரல் மலைக்கு மேலே போகவேண்டுமானால் அதன் சொந்தக்காரரும் கூடவே ஏறவேண்டும். தம்பி இளையராஜாவோ 1986-லேயே 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் கம்ப்யூட்டரை இசைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

கடை ரேடியோவில் பாட்டு மாறியது. 'சின்னச் சின்ன கண்கள்'. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது பவதாரிணி பொண்ணு. செத்ததுக்கப்புறம் பாடுனது."

உடம்பு சிலிர்த்தது. 'பாரதி' படத்தின் 'மயில் போல' பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கிய பவதாரிணி, 2024 ஜனவரி 25-ல் இலங்கையில் இறந்துபோனார். வயது 47. தேனி மாவட்டத்துக்கே கொண்டுவந்து, லோயர் கேம்ப்பில் அம்மா ஜீவா, பாட்டி சின்னத்தாய் இருவரின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஜூன் மாதமே 'கோட்' படத்தில் விஜய்யோடும் தம்பி யுவனோடும் அவர் குரல் கேட்டது. அக்கா குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்றிருந்தாராம் யுவன். ஒரு மணி நேரத்தில் சாவுச் செய்தி வந்ததாம். பிறகு செயற்கை நுண்ணறிவை வைத்து அந்தக் குரலை வரவழைத்தார்.

இது மிக்கு டெக்னிக் இல்லை. பழைய பதிவுகளைக் கேட்டு கம்ப்யூட்டர் குரலைப் படித்துக்கொள்ளும். வேறு ஒருவர் பாட, அதன் மேல் இந்தக் குரலைப் போர்த்தும்.

அந்த வருஷமே 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களைக் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். எஸ்.பி.பி. குரலைக் கேட்காமலே ஒரு தெலுங்குப் படத்தில் எடுத்தாண்டதற்கு மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் விட்டார். ஸாகி ஃபுஜிதா உயிரோடு மைக் முன்னால் நின்று, தெரிந்தே கொடுத்தார். போனவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுக்காரர்கள்தான் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லவேண்டும்.

இதையெல்லாம் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தன் செல்லை எடுத்தார்.

"எங்கய்யா ஏலத்தோட்டத்துல வேல பாத்தவரு. போயி ரெண்டு வருசமாச்சு. வாட்ஸப்புல 'சாப்ட்டியாடா'ன்னு கேட்டது மட்டும் கெடக்கு. இத வச்சு வேற எதாச்சும் பேச வைக்கலாமாண்ணே?"

"பேச வைக்கலாம். அந்த ஒரு வார்த்தை பத்தாது. இன்னும் கொஞ்சம் பதிவு இருக்கணும்."

"கலியாண கேசட்டுல பேசியிருக்காரு."

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஸ்பீக்கரில் போட்டார். கரகரத்த குரல், இரண்டே செகண்ட். 'சாப்ட்டியாடா?'

"வேணாம்ணே," என்றார். "அவரு சொல்லாதத நம்ம எதுக்குச் சொல்ல வைக்கணும்? இவன் ஒருத்தன் கேட்டானேன்னு கேசட்ட மட்டும் பத்திரமா வைக்கச் சொல்லி தங்கச்சிகிட்ட சொல்லணும்."

செல்லைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார்.