மாதேரானில் ஒரு குதிரைச் சவாரி

நேரல் நிலையத்தினின்று 1907-இல் திறக்கப்பட்ட சிறு மலை இரயில், 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மாதேரானுக்கு ஏறுகிறது. சுற்றுலாப் பயணிகளின் மோட்டார்கள் ஊருக்குள் வருவதில்லை, குதிரைகள் உண்டு. இரயில்வே எழுத்தராகிய நாம் சென்ற கோடையில் குடும்பத்துடன் அங்குச் சென்றிருந்தோம்.

ஆஸ்துமாவுடைய நம் மகள் சவாரிக்கு ஏங்கினாள். குதிரையின் தோற்செதிலும் உமிழ்நீரும் சிலருக்கு ஒவ்வாமை தருவன. செம்மண் புழுதியோ இளைப்பை வளர்ப்பது. ஆதலின் புறப்படுமுன்பே மருத்துவரை நாடியிருந்தோம். "அன்றாடத் தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள், இளைப்பு உள்ள நாளில் ஏற்றாதீர்கள்" என்றார். அவர் சொற்படி, சவாரிக்குக் கால்மணி முன்பு சால்பியூட்டமால் இன்ஹேலரை உள்ளிழுக்கச் செய்தோம். குதிரைக்காரரிடம் சொல்லி முதற்குதிரையில் ஏற்றினோம். பின்செல்வோர்க்கன்றோ புழுதி மிகுதி!

சார்லட் ஏரியருகே இருமல் எழுந்தது. இறங்கச் சொன்னோம், அழுதாள். ஆயினும் இறக்கி, நிமிர்ந்தமரச் செய்து, இன்ஹேலரை மீண்டும் தந்தோம். மூச்சுச் சீரானது. நெடுநேரம் இளைப்பாறியபின் மெல்ல நடந்தே திரும்பினோம். தங்குமிடம் சேர்ந்ததும் குளித்து, உடை மாற்றினாள்.

"அடுத்த முறை ஏரிவரை போதும், அப்பா" என்றாள்.

அன்பர்களே, குழந்தையின் ஆசையைத் தடுக்க வேண்டா. மருந்தின்றிக் குதிரைமேல் ஏற்றவும் வேண்டா.